நகரமாட்டேன், முற்றுப்புள்ளி

அந்த வீட்டில் அதிகம் புழங்குகிற சொல் எது என்று கேட்டால் சுவரே பதில் சொல்லிவிடும். "கொஞ்சம் நகருங்க."

சொல்வது வீட்டம்மா. நகர்வது வீட்டுக்காரர்.

வீட்டம்மாவுக்கு ஜன்னல் திரை தைக்கிற தொழில். தெருவில் எல்லாருக்கும் அவர் திரைக்காரம்மா. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தைத்தார், ஆபீசுகளுக்குத் தைத்தார், ஆஸ்பத்திரிக்குத் தைத்தார். தைத்துத் தைத்துக் கடைசியில் வீடே துணியாகிவிட்டது. நாற்காலியில் துணி. கட்டிலில் துணி. சாப்பாட்டு மேசையில் வெட்டிப் போட்ட துணி. அதன் ஓரத்தில் ஒரு தட்டு வைக்க மட்டும் இடம் விட்டிருக்கும். அதுவும் கை கழுவப் போன நேரத்தில் மறைந்துவிடும். திரை மாட்டுகிற கொக்கிகள் எங்கே கிடக்கின்றன என்று தேடவே வேண்டாம். உட்கார்ந்தால் தெரியும்.

வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வேலை. அச்சுக்குப் போகும் முன்னால் பிழை பார்த்துத் திருத்துகிறவர். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால்கூட ஓடுகிற மிஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார். அதனால் அங்கே அவருக்குப் புள்ளிக்காரர் என்று பேர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பேர்தான். பாவம், அவர் பெரும்புள்ளி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

அச்சகத்தில் அவர் கையைத் தூக்கினால் மிஷின் நிற்கும். வீட்டில் அவர் நின்றால் நகரச் சொல்வார்கள். இந்த வித்தியாசம்தான் மனுஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டீயும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நகருங்க. கீழ லைனிங் துணி இருக்கு."

கட்டில் ஓரத்துக்குப் போனார்.

"நகருங்க, மடிப்பு கலையுது."

ஜன்னலோரம் போய் நின்றார். நின்றவர் மேல் என்ன குற்றம் இருக்க முடியும்?

"நகருங்களேன், வெளிச்சம் மறைக்குது!"

கடைசியில் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. வேலையில் கண்ணில் படுகிற நல்ல நல்ல அச்சுப்பிழைகளை அதில் சேர்த்து வைப்பார். 'அன்புடன் அழைக்கிறோம்' என்பதை ஒருவர் 'அன்புடன் அழிக்கிறோம்' என்று அடித்திருந்தார். இன்னொரு அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் 'சிரிப்பு விருந்தினர்' ஆகியிருந்தார். அவற்றைத் திறந்து, தனக்குத்தானே சிரிக்கலாம் என்று வாயைக் கோணினார். சிரிப்பு பாதி வந்திருக்கும்.

"நகருங்க. ஒருத்தருக்கு டிசைன் காட்டணும்."

டீ ஆறிப்போயிருந்தது. அந்த ஆறின டீயைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். யாரும் நகரச் சொல்ல முடியாத இடம் என்று தனக்கு ஒன்று வேண்டும். கட்டில் போகட்டும், நாற்காலி போகட்டும், ஜன்னல்கூடப் போகட்டும். அந்தக் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும்!

நேரே மாடி ஏறினார்.

மாடியில் குடியிருந்தவர் லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவர். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால்தான் வீட்டிலாவது நிம்மதியாக இருக்கிறேன் என்பார். அச்சகத்தில் வேண்டாம் என்று தள்ளிவிட்ட கம்ப்யூட்டரைப் புள்ளிக்காரர் கொண்டுவந்தபோது, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிறதைப் போட்டு உயிர் கொடுத்தவர் இவர்தான். லினக்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் லிஃப்ட்காரரைக் கீழே இறக்குவது கஷ்டம்.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டரை என்னைத் தவிர வேற யாரும் தொட முடியாதபடி பண்ணணும்."

"ஒரு பாஸ்வேர்ட் போடுங்க சார்."

"போட்டுப் பார்த்தேன். என்ன பாஸ்வேர்டுன்னு அவ கேட்டா."

"சொல்லிட்டீங்களா?"

"கேட்டாளே!"

லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். ஆண்களுக்குள் ஒரு இரக்கம் உண்டு. அது அவர் கண்ணில் தெரிந்தது.

"அப்ப உங்களுக்குப் பூட்டு சரிவராது சார். கதவே இருக்கக் கூடாது. பொம்மைப் படம் கிடையாது, மெனு கிடையாது, மவுஸ்னு சொல்ற எலி கிடையாது. திறந்தா வெறும் கருப்புத் திரை. எல்லாமே விரல்லதான். எந்த விரலை எங்க வச்சா எது திறக்கும்னு எழுதி வச்சவருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. ஆனா அது அட்வான்ஸ்டு ஆளுங்களுக்கு."

"நான் அட்வான்ஸ்டா?"

"இப்ப இல்ல. சாயங்காலத்துக்குள்ள ஆயிடுவீங்க."

இருவரும் கீழே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அதே அறையின் இன்னொரு மூலையில் திரைக்காரம்மா தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். டக டக டக டக என்று சீரான சத்தம்.

புள்ளிக்காரருடைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார். தொழில் அப்படி. எழுத்தை மட்டுமல்ல, கமாவைப் படிப்பார், கேள்விக்குறியைப் படிப்பார், அடைப்புக்குறி திற, அடைப்புக்குறி மூடு என்று படிப்பார். "கண்ணு சும்மா தாண்டிப் போயிடும், காது தாண்ட விடாது" என்பது அவர் கட்சி. அச்சகத்தில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. வீட்டிலும் பழகிவிட்டது. அவருக்கே தான் படிக்கிற சத்தம் காதில் விழாத அளவுக்குப் பழகிவிட்டது.

"எல்லாத்தையும் இந்த ஒரு ஃபைல்ல எழுதணும் சார். பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வைங்க. புள்ளி வச்சா ஃபைல் யார் கண்ணுக்கும் தெரியாது."

புள்ளிக்காரருக்குப் புல்லரித்தது. "புள்ளி வச்சா எழுத்து வாய மூடிக்கும்னுதான் நான் படிச்சிருக்கேன். இங்க ஆளே மறைஞ்சுடுதா?"

"ஆமாம். இப்ப அடிங்க. கீபோர்டுல இந்த சாவிக்குப் பேரு சூப்பர்."

"சூப்பர், கூட்டல் குறி, எண்டர், கமா, கட்டளைப் பெட்டி திற, முற்றுப்புள்ளி."

தையல் மிஷின் நின்றது. "என்ன சூப்பர்?"

"ஒண்ணுமில்ல. சூப்பர்னு ஒரு சாவி இருக்கு."

"அமுக்கினா என்ன ஆகும்?"

"தனியா அமுக்கினா ஒண்ணும் ஆகாது. கூட இன்னொண்ணு துணைக்கு வேணும்."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க."

மிஷின் மறுபடி ஓடியது. லிஃப்ட்காரர் இருமலை வரவழைத்துக்கொண்டார்.

"சார், மனசுக்குள்ள படிங்க."

"மனசுக்குள்ள படிச்சா பிழை தெரியாது. சூப்பர், கூட்டல் குறி, மூணு, கமா, படம் வரையிற இடம், முற்றுப்புள்ளி. சூப்பர், ஷிஃப்ட், க்யூ, கமா, ஜன்னல் மூடு, முற்றுப்புள்ளி."

இப்படியே போயிற்று. அவர் படிக்கும்போதெல்லாம் மிஷின் நிற்கும், படித்து முடித்ததும் ஓடும். நூல் அடிக்கடி அறுந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டார் புள்ளிக்காரர். தரமான நூலாக வாங்கச் சொல்ல வேண்டும்.

"அவ்வளவுதான் சார். இனிமே நீங்கதான் ரூட்."

"யாருக்கு ரூட்டு விடுறாராம்?" என்று மிஷின் பக்கமிருந்து குரல்.

"ஐயோ அம்மா, அது இல்லம்மா! ரூட்டுன்னா இதுக்கு முதலாளி. புதுசா எதைக் கொண்டுவந்து போடணும்னாலும் அவர் உத்தரவு வேணும்."

"அப்படியா? இந்த வீட்லயா?"

"கம்ப்யூட்டர்ல."

"சரி சரி. அதானே பார்த்தேன்."

புள்ளிக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முதலாளிக்குரிய பாஸ்வேர்டை யோசித்துக்கொண்டிருந்தார். மனசில் அடைத்துக் கிடந்ததெல்லாம் சேர்ந்து ஒரு சொல்லாக வந்தது. அடித்தார். அடிக்க அடிக்க வாயும் கூடவே போயிற்று.

"நகரமாட்டேன். முற்றுப்புள்ளி."

"சார்!" லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன? பிழையா?"

"இல்ல சார். சுத்தமா இருக்கு."

மறுநாள் காலையில் புள்ளிக்காரர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது எதிர்பார்த்த குரல் வந்தது.

"என்னங்க! கம்ப்யூட்டர் செத்துப்போச்சு!"

ஒரு கன்னத்தில் சோப்போடு வந்தார். கருப்பாகக் கிடந்தது திரை. அதன் எதிரில் கையில் இஞ்சு டேப்போடு வீட்டம்மா. இந்தக் காட்சிக்காகத்தானே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அடித்தது! அவர் வாழ்க்கையில் இதுவரை யாரும் அவரிடம் இப்படி ஒரு முகத்தோடு வந்து நின்றதில்லை.

"சாகல. இனிமே இது அட்வான்ஸ்டு ஆளுங்களுக்கு."

"எலியைக் காணோம்?"

"எடுத்துட்டேன்."

"பொறி வச்சா?"

"கிண்டல் பண்ணாத. இதை எனக்குத்தான் திறக்கத் தெரியும். உனக்குப் படம் வேணும்னா என்னைக் கூப்பிடணும்."

சண்டை வரும் என்று காத்திருந்தார். பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். திரைக்காரம்மா இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சரிங்க" என்றார்.

"என்ன, சரியா?"

"நீங்க அவ்வளவு படிச்சவரு. நீங்களே திறந்து குடுங்க."

திறந்தார். வலது கையின் ரெண்டு விரலை வைத்தார். வண்ண வண்ணமாகத் திரைப் படங்கள் விரிந்தன. வீட்டம்மா கன்னத்தில் கை வைத்து வியந்தார். புள்ளிக்காரர் ஒரு கன்னச் சோப்பு காய்ந்ததுகூடத் தெரியாமல் ராஜா மாதிரி உள்ளே போனார்.

ராஜா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடி கூப்பிட்டார்கள்.

"என்னங்க! ஜன்னலைத் திறங்க!"

ஓடிவந்து அறை ஜன்னலைத் திறந்தார். தெருவில் போனவர்கள் துண்டோடு நின்ற அவரைப் பார்த்தார்கள்.

"அந்த ஜன்னல் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல."

திறந்துவிட்டு நகரப் பார்த்தார். "அப்படியே இந்த முனையைப் பிடிங்க, அளந்துக்குறேன்." பிடித்தார். "வந்ததுதான் வந்தீங்க, அந்தத் துணி உருளையை இறக்கிக் குடுங்க." இறக்கினார்.

அதிலிருந்து இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தால் கூப்பிடுவார்கள். செருப்பு மாட்டினால் கூப்பிடுவார்கள். அச்சகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் இருக்கிற சமயம் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ரெண்டு விரல் வேலை கம்ப்யூட்டரில், ரெண்டு கை வேலை துணியில். கொக்கி மாட்டினார். ஓரம் மடித்துப் பிடித்தார். ஸ்டூல் மேல் ஏறிக் கைகளை விரித்து நின்றார், மாட்டின திரை எப்படி விழுகிறது என்று பார்க்கவேண்டுமாம். ராஜாவாக வேண்டும் என்று ஆரம்பித்தவர் வாட்ச்மேன் ஆகி, கடைசியில் திரை மாட்டுகிற கம்பியாகவும் ஆகிவிட்டார். இப்போது யாரும் அவரை நகரச் சொல்வதில்லை. "அசையாதீங்க" என்றுதான் சொன்னார்கள்.

தன் அச்சுப்பிழைகளைத் திறந்து பார்க்க அவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

ஸ்டூல் மேல் நின்றபடியே ஒரு நாள் கெஞ்சிப் பார்த்தார். "ஏம்மா, நீயே கத்துக்கோயேன். நான் சொல்லித் தரேன்."

"எனக்கெல்லாம் வராதுங்க. அது அட்வான்ஸ்டு. கையைக் கொஞ்சம் தூக்குங்க."

அந்த நேரத்தில் போன் அடித்தது.

"நீங்க எடுங்க, என் வாயில ஊசி."

எடுத்தார். மறுமுனையில் பல் டாக்டரம்மா. புதிதாகக் கட்டின தன் ஆஸ்பத்திரி முழுக்கத் திரை போட வீட்டம்மாவிடம் சொல்லியிருந்தவர். திரைக்காரம்மா இதுவரை எடுத்ததிலேயே பெரிய வேலை அதுதான். அது நல்லபடியாக முடிந்தால் தனியாக ஒரு கடை போட்டு வீட்டிலிருந்து துணியை எல்லாம் அங்கே கொண்டுபோய்விடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தார். இது எதுவும் புள்ளிக்காரருக்குத் தெரியாது. அவர் ஸ்டூல் மேல் இருந்தார்.

"திரை எப்படிங்க வந்திருக்கு?"

புள்ளிக்காரர் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவருடைய திரையைப் பற்றி இதுவரை ஒரு மனுஷர் விசாரித்ததில்லை.

"பிரமாதமா வந்திருக்குங்க. சுத்தக் கருப்பு."

"கருப்பா? நான் இளம்பச்சைன்னு சொன்னேனே?"

"பச்சையெல்லாம் புதுசா வர்றவங்களுக்குங்க. அட்வான்ஸ்டு ஆளுங்க கருப்புலதான் வந்து நிப்பாங்க."

"ஓ... கொஞ்சம் கனமா இருக்குமா?"

"கனமே கிடையாது! காத்து மாதிரி. அதுலயும் பாதிக் கண்ணாடி மாதிரி பண்ணி வச்சிருக்கேன். பின்னாடி இருக்கிறது அப்படியே தெரியும்."

"பின்னாடி தெரியுமா! பின்னாடி ஆளுங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருப்பாங்களே!"

"நல்லாத் தெரிவாங்க."

"ஜன்னலுக்காவது அளவு சரியா இருக்குமா?"

"அந்தக் கவலையே வேணாம். ஒரு ஜன்னலைத் திறந்தா அதுவா ரெண்டா வெட்டிக்கும். இன்னொண்ணு திறந்தா நாலா வெட்டிக்கும்."



"எனக்குத் திரையே வேணாங்க." போன் வைக்கப்பட்டது.

திரைக்காரம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்துகிற சின்ன மெத்தையில் குத்தினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தைக்க வெட்டி அடுக்கியிருந்த இளம்பச்சைத் துணியை ஒரு தடவை தடவிக் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்ததும் புள்ளிக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

"யாருன்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுங்க, உங்களுக்கு. பரவாயில்லை."

திரைக்காரம்மாவே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். எப்படியோ சமாதானம் பண்ணினார். "நாளைக்குச் சாயங்காலம் நேர்ல வந்து பார்க்கிறாங்களாம். ஒவ்வொரு அறைக்கும் நான் வரைஞ்சு வச்சிருக்கிறதை வரிசையாக் காட்டணும். நீங்கதான் திறக்கணும். இது சொதப்பினா வேலையும் போச்சு, நான் போடலாம்னு இருக்கிற கடையும் போச்சு."

"உயிரைக் குடுத்துத் திறக்கிறேன்" என்றார் புள்ளிக்காரர். மனசாரத்தான் சொன்னார்.

டாக்டரம்மா வந்தார். நாற்காலியில் துணி இருந்ததால் அவருக்கு ஸ்டூல் போட்டார்கள். புள்ளிக்காரர் சலவைச் சட்டை போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். படித்த பெண்மணி வந்திருக்கிறார். அவர் எதிரில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

அங்கேதான் வந்தது வினை. வாய் மூடியதும் விரலுக்கு வழி தெரியவில்லை. சூப்பரோடு மூன்றா, நாலா? ஒன்றை அமுக்கினார். கட்டளைப் பெட்டி திறந்தது. மூடுகிறேன் என்று வேறொன்றை அமுக்கினார். இன்னொரு பெட்டி திறந்து, முதல் பெட்டி பாதியாயிற்று. பதறி அமுக்கினார். பாதி பாதியாகி, பாதியில் பாதியாகி, அதிலும் பாதியாகி, தபால்தலை அளவுக்குப் பெட்டிகள் திரையெல்லாம் நிரம்பின. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோடு அவரைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "இதுதான் டிசைனா?"

"கட்டம் போட்டது" என்றார் புள்ளிக்காரர். குரல் உள்ளே போய்விட்டது. நெற்றி வியர்வை கீபோர்டில் விழுந்தது. எங்கே வீட்டம்மாவைப் பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடை, அவள் பச்சைத் துணி, எல்லாம் தன் ஒரு ஆளுடைய வீம்பால் போகப்போகிறது.

தோளில் ஒரு கை விழுந்தது.

"கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தார்.

திரைக்காரம்மா உட்கார்ந்தார். சூப்பர், ஷிஃப்ட், க்யூ. சூப்பர், ஷிஃப்ட், க்யூ. தபால்தலைகள் படபடவென்று உதிர்ந்தன. சூப்பர் மூன்று. வரவேற்பறை இளம்பச்சையில் விரிந்தது. இன்னொரு தட்டு, சிகிச்சை அறை. இன்னொன்று, ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் எப்படி, விளக்கு வெளிச்சத்தில் எப்படி என்று. தையல் மிஷினில் ஓடுகிற அதே வேகம், அதே சீர். புள்ளிக்காரருக்குத் தெரியாத இடங்களுக்கெல்லாம் அந்த விரல்கள் போய்வந்தன.

"எலியே இல்லாம எப்படிம்மா?" என்று டாக்டரம்மா வாயைப் பிளந்தார். பல் டாக்டர் வாய் பிளந்ததை அன்றைக்குத்தான் அந்த வீடு பார்த்தது.

"எங்களுக்குத் துணியிலேர்ந்து கையை எடுக்காம வேலை செஞ்சு பழக்கங்க. எலியைத் தேடித் தேடிப் பிடிக்கிறதுதான் பெரிய தொல்லை. இவர்தான் எனக்காகக் கஷ்டப்பட்டு இப்படி மாத்திக் குடுத்தாரு."

டாக்டரம்மா புள்ளிக்காரரை மரியாதையோடு பார்த்தார். புள்ளிக்காரர் சுவரைப் பார்த்தார்.

வேலை உறுதியாயிற்று. வந்தவர் போனதும் புள்ளிக்காரர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"எப்படி?"

"எது எப்படி?"

"யார் சொல்லிக் குடுத்தது? மாடிக்காரரா?"

"நீங்கதான்."

"நானா!"

"ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீங்களே. சூப்பர், கூட்டல் குறி, மூணு, கமா. நகரமாட்டேன், முற்றுப்புள்ளி. நான் மிஷினை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கிட்டேன். கமா உட்பட ஒண்ணுகூட விடல. அவ்வளவு சுத்தமாப் படிக்கிறீங்க."

புள்ளிக்காரர் துணி மேலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் நகரச் சொல்லவில்லை.

"அப்ப முதல் நாளே தெரியும். அப்புறம் எதுக்கு என்னை அப்படி ஓட விட்ட?"

"முதல் தடவை கூப்பிட்டப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். சோப்போட. எவ்வளவு வருஷம் ஆச்சு நீங்க அப்படி நிமிர்ந்து நடந்து! கெடுக்க மனசு வரல." கொஞ்சம் யோசித்தார். "அப்புறம், முனை பிடிக்க ஒரு ஆளும் கிடைச்சுது. அதையும் மறைக்கக் கூடாது."

"எனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? பாஸ்வேர்டே சொல்லுதே." திரைக்காரம்மா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, சூப்பரோடு ஒன்பதை அமுக்கினார். வேறொரு திரை வந்தது. அதில் அவருடைய அச்சுப்பிழைகள் மட்டும், எழுத்தைப் பெரிதாக்கி, அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "இந்த ஒன்பதாவது இடம் உங்களுது. நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். அங்க உங்களை யாரும் நகரச் சொல்ல மாட்டாங்க. நான் துணி வெட்டுற நேரத்துல எல்லாம் உட்காருங்க."

 அன்று ராத்திரியே புள்ளிக்காரர் போய் உட்கார்ந்தார். சிரிப்பு விருந்தினரைப் பார்த்துக் கடைசிவரை சிரித்தார்.

ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே. மூலை கிடைத்ததும் அதற்கு ஒரு பூட்டு வேண்டும் என்றது. எட்டிப் பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னால் சொன்னதுதான். இருந்தாலும் தன் இடத்துக்குத் தான் போட்ட பூட்டு என்று ஒன்று இருந்தால் அந்தச் சுகமே வேறு இல்லையா? ஒரு இடத்தை மட்டும் பூட்டி வைக்கிற சாமான் ஒன்று இருக்கிறதாம். லிஃப்ட்காரர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. அதைக் கொண்டுவந்து போட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

இந்தத் தடவை அவர் ஏமாறத் தயாராக இல்லை. வாய்தானே காட்டிக் கொடுத்தது? வாயையே அடைத்துவிட்டால்? ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, வாய் கொள்ளுமட்டும் ஊற்றிக்கொண்டார். ரெண்டு கன்னமும் பூரித்து நின்றன. வீட்டம்மா சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நல்ல சமயம். போய் உட்கார்ந்தார். கட்டளையை அடித்தார். உதடு அசையத் துடித்தது, தண்ணீர் விடவில்லை. ஒரு சத்தமில்லை. முதலாளியின் உத்தரவு கேட்டது கம்ப்யூட்டர். பாஸ்வேர்டை முற்றுப்புள்ளியோடு அடித்தார். எண்டர் தட்டினார்.

கம்ப்யூட்டர் பதில் எழுதியது. பிழை எதுவும் இல்லாமல், சுத்தமான வரிகளாக.

'இந்த ஆளுக்கு இதற்கு அதிகாரம் இல்லை. இந்த முயற்சி மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.'

புள்ளிக்காரர் அதை ரெண்டு தடவை, மனசுக்குள்ளேயே படித்தார். மேலிடமா? இதற்கு மேலிடம் நான்தானே?

சமையலறையில் ஒரு போன் 'டிங்' என்றது.

பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக்கையைத் துடைக்கிற ஓசை. அப்புறம் அந்தக் குரல், கோபமே இல்லாமல்:

"என்னங்க, பூட்டா வேணும்? மாடிக்கார அண்ணன்கிட்டச் சொல்லி, நீங்க பாஸ்வேர்ட் போட்ட அன்னிக்கே முதலாளிப் பொறுப்பை என் பேருக்கு மாத்திட்டேனே. வாயைத் திறந்து கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

புள்ளிக்காரர் தண்ணீரை விழுங்கினார். விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து, கேட்டார்.